கரட்டில் டென்ட்: கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது

டென்ட் வாங்கும்போது பெட்டியின் மேல் ஒரு படம் இருக்கும். பச்சைப் புல்தரை, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மண்ணில் இறங்கிய முளைகள். மதுரையைச் சுற்றி நமக்கு வாய்த்திருப்பது கரடு, அதாவது கல்லும் பாறையுமான குன்று நிலம். மேலே மொட்டைப் பாறை, மலையடியில் சரளையும் ஓடையும், அதற்குக் கீழே கருவேலங்காடும் கண்மாய்க் கரையும். இந்தத் தரையில் ராத்தங்கினால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கீழிருந்து வருபவை. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் தரையைப் பாருங்கள், அப்புறம் டென்ட்டைத் திட்டலாம்.

எங்கே போடலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யானைமலையிலும் சமணர்மலையிலும் பாதுகாக்கப்பட்ட பழைய சமணச் சின்னங்கள் இருக்கின்றன. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அழகர்மலைக் காடு வனத்துறையின் கையில் இருக்கிறது. இங்கெல்லாம் பகலில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் டென்ட் போட்டால் வழக்கு வரும், வருவதும் நியாயம். ராத்தங்க அழகர்கோவில், நத்தம் பக்கத்து மாந்தோப்புகள், சிறுமலைத் தோட்டங்கள், தெரிந்தவர்களின் மலையடிப் பட்டா நிலங்கள் இருக்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த மாதிரி இடங்களை மனதில் வைத்துத்தான்.

முளை இறங்கவில்லை, இறங்கினாலும் பிடிக்கவில்லை

டென்ட்டோடு கொடுக்கும் மெல்லிய கம்பி முளை இரண்டு அங்குலம் இறங்கியதும் கொக்கி மாதிரி வளைந்துவிடும். மேலும் அடிக்காதீர்கள். சத்தத்தைக் கவனியுங்கள். 'ணங்' என்று கேட்டால் அடியில் பாறை. நான்கு விரல் தள்ளி அடித்தாலும் அதே கதைதான், ஏனென்றால் கரட்டில் பாறைக்கு மேல் இருக்கிற மண் வெறும் போர்வை. 'கரகர' என்று உரசினால் சரளை. சற்றுத் தள்ளி அடித்தால் இரண்டு கல்லுக்கு நடுவே இடம் கிடைக்கும்.

சரளைக்கு ஒரே நல்ல மருந்து 8 எம்.எம். முறுக்குக் கம்பி. கம்பிக் கடையில் ஓர் அடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கொக்கியாக வளைத்து, மறுமுனையைக் கூராக்கித் தரச் சொல்லுங்கள். எடை கூடும்தான். தோப்பு வரை வண்டியிலேயே போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. அடிக்கும்போது முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். டென்ட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் காற்று ஒரு இழு இழுத்ததும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

அடியில் முழுப் பாறை என்றால் முளையை மறந்துவிட்டுக் கல்லை நம்புங்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய கல்லில் கயிற்றை நேராகச் சுற்றினால் ராத்திரி முழுக்க அறுத்து அறுத்து விடிவதற்குள் நார் நாராகிவிடும். அதற்குப் பதிலாகக் கயிற்று நுனியைத் தேங்காய் அளவுள்ள உருண்டைக் கல்லில் கட்டுங்கள். அந்தக் கல்லுக்கும் டென்ட்டுக்கும் நடுவே, கயிற்றின் மேல், ஓர் ஆள் இரண்டு கையால் தூக்கும் அளவுக் கல்லை வையுங்கள். காற்று இழுக்க இழுக்கச் சின்னக் கல் போய்ப் பெரிய கல்லின் முதுகில் முட்டி இறுகிக்கொள்ளும். கயிறு பெரிய கல்லில் படும் இடத்தில் கிழிந்த சாக்குத் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: கல்லைப் புரட்டும்போது விரல்களை அடியில் விடாதீர்கள். உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைக் குச்சியால் நெம்பி கல்லை உங்கள் பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். அடியில் தேள் இருந்தால் அது எதிர்ப்பக்கமாகவே ஓடும்.

கல்லும் இல்லாத வெட்டவெளி என்றால் காலி உரச்சாக்கு நான்கைக் கையோடு கொண்டுபோய் மண் நிரப்பிக்கொள்ளலாம். காலையில் மண்ணை எடுத்த குழியிலேயே கொட்டிவிடுங்கள்.

'இது தானாக நிற்கும் டோம் டென்ட், முளையே வேண்டாம்' என்று விற்பவர் சொல்லியிருப்பார். நிற்கும், உண்மைதான். நீங்கள் உள்ளே படுத்திருக்கும் வரை பறக்கவும் பறக்காது. ஒன்றுக்கு இருக்க வெளியே போகும் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் உருண்டு வேலிக்குப் போகும்.

கம்பு பிளந்துவிட்டது

விலை குறைந்த டென்ட்டில் வருவது கண்ணாடி நாரிழைக் கம்பு. பிளந்த இடத்தை வெறும் கையால் தடவாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு ஏறிவிடும். துணியால் பிடித்து, சற்றுப் பெரிய அலுமினியக் குழாய்த் துண்டைப் பிளவின் மேல் உறைபோல ஏற்றி இரு முனையிலும் டேப் சுற்றினால் அந்த ராத்திரி ஓடும். குழாய் இல்லையென்றால் இரண்டு பக்கமும் குச்சி வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோலக் கட்டிவிடலாம். காரணம் அநேகமாக ஒன்றுதான்: இணைப்பில் முழுதாகச் சொருகாமல் வளைத்திருப்பீர்கள். அரை அங்குலம் வெளியே நின்றாலே அத்தனை பாரமும் அந்த விளிம்பில் விழும்.

நடுராத்திரி வரை உள்ளே வேகிறது

பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகு கக்கும். ராத்திரி பத்து, பதினொன்று வரைகூட முதுகில் அனல் தெரியும். டென்ட் போடுவதற்கு முன்னால் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பத்து எண்ணிப் பாருங்கள். சுகமான வெதுவெதுப்பு என்று தோன்றினாலே அந்த இடம் தூங்குவதற்கு ஆகாது. பாறையை விட்டு மண்ணுக்கு இறங்குங்கள், மரத்தடி நிழல் பகலில் விழுந்த இடமாகத் தேடுங்கள்.

இடம் மாற வழியில்லை என்றால் மழைக்கான மேல்விரிப்பைக் கழற்றிவிட்டு வலையோடு மட்டும் படுங்கள். வானத்தில் மின்னல் வெட்டினால் மேல்விரிப்பை ஒரு பக்கம் மட்டும் மாட்டி, மறுபக்கத்தைச் சுருட்டித் தயாராக வையுங்கள். வாசலைக் காற்று வரும் திசைக்குத் திருப்புங்கள். எதிர்ச் சன்னலும் திறந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று நுழையாது.

சித்திரை, வைகாசியில் என் கருத்து இன்னும் எளிது. டென்ட்டே வேண்டாம். தோப்பில் கயிற்றுக் கட்டில் இருந்தால் அதில் கொசுவலை கட்டிப் படுங்கள். கீழிருந்து காற்று வரும், தேளும் பாம்பும் எளிதில் எட்டாத உயரம். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய டென்ட்டும் அந்தச் சுகத்தைத் தராது.

பகலில் ஏறிவிட்டு வந்தவருக்குத் தலைவலி, குமட்டல், சிறுநீர் அடர்மஞ்சள் என்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள். பாதி லிட்டரில் கரைத்தால் உப்பு மிகுந்து கேடு செய்யும். உடம்பு கொதித்து, பேச்சு உளறலானால் அது வெப்பத் தாக்கு. துணியை நனைத்துப் போர்த்தி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 'கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள்.

காற்றில் படபடக்கிறது, ஒரு பக்கம் சாய்கிறது

ஆனி, ஆடியில் மேற்குக் காற்று மலை இடுக்குகளில் புகுந்து வரும். படபடவென்ற சத்தம் துணி தொய்ந்திருப்பதன் அடையாளம். டென்ட்டின் இடுப்பில், பாதி உயரத்தில், சின்னச் சின்ன வளையங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றைத் தாங்குவதே அவைதான். நான்கிலும் கயிறு கட்டி இழுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். குறுகிய, தாழ்வான பக்கம் மேற்கே பார்க்கட்டும். கரட்டின் உச்சி முதுகில் காட்சி அருமையாக இருக்கும், தூக்கம் இருக்காது.

சித்திரை, ஐப்பசி மாலைகளில் காற்றோடு இடியும் சேர்ந்து வந்தால் பேச்சே இல்லை, மொட்டைப் பாறையை விட்டு உடனே இறங்குங்கள். தலைமுடி குத்திட்டு நின்றால் மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே தயாராக இருக்கிறது என்று பொருள். ஒற்றைப் பனையின் அடியில் ஒதுங்காதீர்கள். டென்ட் மின்னலைத் தடுக்காது. கண்ணாடிகளை ஏற்றி மூடிய கார் தடுக்கும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

காலையில் எழுந்தால் உள்ளே ஈரம்

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். உடனே 'டென்ட் ஒழுகுகிறது' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். ஈரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கூரையின் உட்புறம் முழுக்க வேர்த்தாற்போல நுண் துளிகள், ராத்திரி மழையே இல்லை என்றால், அது உங்கள் மூச்சு. ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் கால் லிட்டர் அளவுக்கு நீரை வெளியே விடுகிறார். மூன்று பேர் படுத்தால் முக்கால் லிட்டர், அது எங்கேயாவது போய் உட்கார வேண்டும் அல்லவா? மார்கழி, தையில் வெளியே பனி இறங்கித் துணி குளிர்ந்திருக்கும், அங்கே போய்ப் படியும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் இன்னும் மோசம். மேல் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள், வாசலின் மேல்பகுதியை ஒரு சாண் விட்டு மூடுங்கள். ஈரத் துண்டு, நனைந்த சட்டையை உள்ளே காயப்போடாதீர்கள். மேல்விரிப்பும் உள் வலையும் ஒட்டாதபடி கயிற்றை இழுத்துக் கட்டினாலே துளிகள் வெளிப்பக்கமாக வழிந்துவிடும். கண்மாய்க் கரையில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அதே ராத்திரியில் நூறு அடி மேலே மரத்தடியில் படுத்தவர் உலர்ந்து எழுந்திருப்பார்.

தையல் ஓரமாக மட்டும் கோடு போட்டாற்போல ஈரம் என்றால் தையல் துளையில் ஒழுகுகிறது. வீட்டில் டென்ட்டை விரித்து, உள்ளே ஓர் ஆளை டார்ச்சோடு உட்காரவைத்து, வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை அடித்துப் பார்த்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். காயவைத்துத் தையல் அடைக்கும் பசையைப் பூசி ஒரு நாள் உலரவிடுங்கள். ஃபெவிக்விக் போடாதீர்கள், அது துணியில் கண்ணாடிபோல இறுகி மடிக்கும்போது வெடிக்கும்.

தரை மட்டும் ஈரம், அதுவும் முட்டி ஊன்றிய இடத்தில், இடுப்புப் பட்ட இடத்தில் என்றால் தரைத்துணியின் நீர்த்தடை போதவில்லை. டென்ட்டில் 1000 மி.மீ., 2000 மி.மீ. என்று போட்டிருப்பது அத்தனை உயர நீர் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதற்கான கணக்கு. மேலிருந்து விழும் தூறலுக்கு 1000 தாங்கலாம். முட்டியின் பாரத்துக்கு அது பற்றாது. அடியில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். ஆனால் தார்ப்பாயின் ஓரம் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவே கூடாது. நீட்டினால் கூரையில் வழியும் மழையெல்லாம் அதில் விழுந்து, நேராக உங்கள் முதுகுக்கு அடியில் தேங்கும். நான்கு பக்கமும் ஒரு கையகலம் உள்ளே மடித்துவிடுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லாமல், தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடுகிறது என்றால் டென்ட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். நீங்கள் ஓடையில் படுத்திருக்கிறீர்கள். கரட்டு நிலத்தில் சமமாக, மெத்தென்று, முள் இல்லாமல் கிடைக்கும் ஒரே இடம் ஓடை மணல், அதனால்தான் எல்லாருக்கும் ஆசை வருகிறது. மொட்டைப் பாறை ஒரு சொட்டையும் உறிஞ்சாது. தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே மலையின் அந்தப் பக்கம் பெய்த மழை இங்கே வந்து சேரும். மணலுக்கு இரு பக்கமும் உள்ள புதரைப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் சருகும் பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்கினால், போன ஐப்பசியில் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. தோட்டத்துக்காரர் "தம்பி, அங்க படுக்காதீங்க, தண்ணி வரும்" என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

காற்று மெத்தை காலையில் சப்பையாகிவிட்டது

சீமைக்கருவேல முள். வேறு சந்தேகமே வேண்டாம். காய்ந்து உதிர்ந்த முள் மண்ணில் கிடைமட்டமாகப் படுத்திருக்கும், பார்வைக்குத் தெரியாது, ஆள் பாரம் விழுந்ததும் நிமிர்ந்துகொள்ளும். செருப்பையே துளைப்பதற்கு மெத்தை எம்மாத்திரம்? டென்ட் விரிப்பதற்கு முன் ஒரு தழைக் கொத்தால் தரையைக் கூட்டிவிட்டு, செருப்பு அணிந்த காலால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். தார்ப்பாய்க்கு அடியில் பழைய சாக்கு அல்லது கோரைப்பாய் ஒன்றைப் போட்டால் இன்னும் நல்லது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி விடும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். சைக்கிள் கடை பஞ்சர் சொலூஷன் ரப்பர் டியூபுக்கானது. பி.வி.சி. மெத்தையில் முதலில் ஒட்டும், வெயில் பட்டதும் உரிந்துவிடும். மெத்தையோடு வரும் ஒட்டுத் துண்டையோ பி.வி.சி.க்கான பசையையோ பயன்படுத்துங்கள். முள் இன்னும் டென்ட் தரையில் குத்தியபடி நிற்கிறதா என்று விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் மெத்தையை மறுபடி விரித்தால் நாளைக்கும் இதே கதைதான்.

உள்ளே ஏதோ ஊர்கிறது

எறும்பு என்றால் தின்பண்டம் சிந்தியிருக்கிறது. துடைத்து எடுங்கள், சாப்பாட்டுப் பையைக் காரில் வையுங்கள். அழகர்கோவில் பக்கம் குரங்குகளுக்கு ஜிப்பைத் திறக்கும் பொறுமை கிடையாது, கிழித்துத்தான் எடுக்கும்.

பாம்பு விஷயத்தில் டென்ட் உண்மையிலேயே உயிர் காக்கும். நம் பக்கம் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். தரை சேர்த்துத் தைத்த டென்ட்டின் ஜிப் முழுதாக மூடியிருந்தால் அதற்கு வழியில்லை. ஆனால் மூலையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு மூடுகிறவர்கள் அதிகம். காற்றுக்கு மேலே திறங்கள், கீழே வேண்டாம். செருப்பை வெளியே விட்டால் காலையில் உதறிவிட்டு மாட்டுங்கள்.

கட்டுவிரியன் கடி அநேகமாக வலிக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. நள்ளிரவில் எழுந்து வயிற்றுவலி, தொண்டை அடைக்கிறது, இமை தானாகத் தொங்குகிறது என்று ஒருவர் சொன்னால், வீக்கமோ தடமோ இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கை, காலை அசைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான், அதனால் பாம்பைத் தேடி அடிக்கப் போகிற நேரம் வீண். மூச்சுத் தசை தளர்ந்தால் செயற்கைச் சுவாசம் வேண்டியிருக்கும், ஆகவே அந்த வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியே நல்லது. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

செந்தேள் கொட்டினால் பெரியவர்களுக்கு வலி, குழந்தைகளுக்கு ஆபத்து. உடம்பெல்லாம் வேர்த்து, கை கால் சில்லிட்டால் காத்திருக்காதீர்கள்.

தலைக்கு மேல் ரீங்காரம்

பாறை முகப்பில் கரிய நிறத்தில் அரைவட்டமாகத் தொங்குவது மலைத்தேனீக் கூடு. அதற்குக் கீழே டென்ட்டும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். புகையும் வாசனைத் தைலமும் அவற்றைக் கிளப்பிவிடும். நாலைந்து தேனீ முகத்தைச் சுற்றிச் சுற்றி முட்டினால் அது எச்சரிக்கை. கையை வீசாமல் பின்வாங்குங்கள். கூட்டமாகக் கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். மூடிய காரோ வீடோ கிடைக்கும் வரை நிற்காதீர்கள். நிறையக் கொட்டு வாங்கியவரையும், ஒரே கொட்டில் உதடு வீங்கி மூச்சுத் திணறுபவரையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுப்பு எரியமாட்டேன் என்கிறது, பாறை வெடிக்கிறது

கேஸ் டப்பா அடுப்பின் சுடர் பக்கவாட்டில் படுத்தால் காற்று. மூன்று பக்கம் மட்டும் தடுப்பு வையுங்கள். டப்பாவையும் சேர்த்து மூடினால் அது சூடேறி வெடிக்கும். கொடைக்கானல் மேல்மலையில் தை மாதம் சுடர் சிறுத்துக்கொண்டே போனால் டப்பா குளிர்ந்துவிட்டது. பியூட்டேன் வாயு 0 டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும், எரிய எரிய டப்பா தானே இன்னும் குளிரும். அணைத்துவிட்டு டப்பாவைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி மாட்டுங்கள்.

மொட்டைப் பாறை மேல் விறகு எரித்தால் பாறை 'படார்' என்று சில்லு தெறிக்கும். கண் போகும், பாறையிலும் தழும்பு நிற்கும். மாசி முதல் வைகாசி வரை மலையடியில் விறகு நெருப்பே மூட்டாதீர்கள். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதனால் அதைவிட வேகமாக ஏற முடியாது. கீழே புகை தெரிந்தால் சரிவில் மேலே ஏறித் தப்பப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிநிலத்துக்கோ போங்கள்.

ஜிப் மாட்டுகிறது, மூடியும் பிளக்கிறது

மாட்டுகிறது என்றால் செம்மண் தூசி. பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு மெழுகுவர்த்தியை உரசுங்கள். எண்ணெய் போட்டால் இன்னும் தூசியைப் பிடிக்கும். ரன்னர் போன பிறகு பின்னாலேயே பிளந்தால் பல்லில் குற்றமில்லை, ரன்னர் தேய்ந்து வாய் அகன்றுவிட்டது. குறடால் இரண்டு பக்கமும் மெல்ல, மிக மெல்ல, நெருக்குங்கள். அது ஒன்றிரண்டு முறைதான் உதவும். அப்புறம் பை தைக்கிற கடையில் கொடுத்து ரன்னரை மட்டும் மாற்றுங்கள், சில ரூபாய் வேலை. முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஆறு மாதம் கழித்துப் பிரித்தால் பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும்

ஈரத்தோடு சுருட்டி மொட்டை மாடி ஷெட்டில் வைத்திருப்பீர்கள். துணியின் உள்பூச்சு பாலியூரித்தேன், அது ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்து பசையாகும். கரும்புள்ளி மட்டும் என்றால் பூஞ்சை, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் துடைத்து நிழலில் காயவைக்கலாம். வாஷிங் மெஷின் வேண்டாம். பிசுபிசுப்பு என்றால் பூச்சே போய்விட்டது, சோப்பால் அது திரும்பாது. அந்த மேல்விரிப்பை இனி மழைக்கு நம்பாதீர்கள். தோப்பில் பகல் நிழலுக்குக் கட்டிக்கொள்ளலாம், அல்லது அடியில் விரித்து முள்ளைத் தாங்கவிடலாம்.